கட்டப் பணம் உண்டு, ஓட்டப் பணம் எங்கே?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் லோரன்ஸ் அவெனியூவும் கென்னடி வீதியும் சந்திக்கும் மூலையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்த நாற்பது ஆண்டுகளில் நான்கு ரயில்கள் சொல்லப்பட்டன. முதலாவது ஓடியது, 2023இல் தடம் புரண்டு அப்படியே நின்றுபோனது. இரண்டாவது, முழுப் பணமும் ஒதுக்கப்பட்ட பிறகு ரத்தானது. மூன்றாவது, வரைபடத்தில் நிலையமாகவே குறிக்கப்பட்டுப் பிறகு அழிக்கப்பட்டது. நான்காவது உண்மையாகவே நிலத்துக்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது இந்த மூலைக்கு வராது. மிட்லண்ட், பிரிம்லி இரண்டையும் தாண்டி, மூன்றாவது பெருவீதியான மக்கோவனோடு போகிறது.

அந்த மூலையை ஒட்டிய டோர்செட் பார்க் பெரிய இடம் அல்ல. வடக்கே 401 நெடுஞ்சாலை, தெற்கே லோரன்ஸ், நடுவே கென்னடி வீதி; அதற்குள் 1950களிலிருந்து எழுந்த சிறு வீடுகள், அடுக்குமாடிகள், பட்டறைகள், களஞ்சியங்கள், தமிழர் கடைகள். விடியமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்களும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு வீட்டுக்குப் போகும் அம்மம்மாக்களும் 43ஆம் இலக்கக் கென்னடி பஸ்ஸையும் 54ஆம் இலக்க லோரன்ஸ் பஸ்ஸையும் நம்பியிருக்கிறார்கள். உங்கள் ரயிலுக்கு என்ன நடந்தது என்று இங்கே கேட்டால் அரசியல்வாதிகளின் பெயர்களைத்தான் சொல்வார்கள். பெயர்கள் சரிதான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால், ஒவ்வொரு முறையும், வரவு செலவுத் திட்டம் ஒன்று இருந்தது. யார் பணம் தருகிறார், அதை எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்ற இரண்டும்தான் ரயில் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானித்தன.

கனடாவில் ஒரு நகரசபைக்குத் தனக்கென்று அதிகாரம் கிடையாது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் தன் 92ஆம் பிரிவில் நகராட்சிகளை மாகாணங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. மாகாணம் எந்த வரியை அறவிட விடுகிறதோ, அதைத்தான் நகரம் அறவிடலாம். ரொறன்ரோவுக்கு வருமான வரியில் பங்கில்லை. தனக்கென ஒரு விற்பனை வரியும் போட முடியாது. சொத்து வரி, வீடு கைமாறும்போது எடுக்கும் காணி மாற்று வரி, பல வகைக் கட்டணங்கள், பெரும்பாலும் இவைதான் அதன் கையில் உள்ளவை. அன்றாடச் செலவில் துண்டு விழ விடவும் சட்டம் இடம் தராது. ஆகவே பல பில்லியன் டாலர் விலையுள்ள எந்த ரயிலும் குயீன்ஸ் பார்க்கில் இருக்கும் மாகாண சட்டமன்றத்தின் கதவைத் தட்டாமல் வராது.

அந்தக் கதவுக்குள் இரண்டு பணப்பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று மூலதனச் செலவுக்கானது: சுரங்கம், தண்டவாளம், நிலையம், வண்டிகள். மற்றது நடைமுறைச் செலவுக்கானது: சாரதியின் சம்பளம், டீசல், மின்சாரம், பழுதுபார்ப்பு, நிலையத்தைக் கூட்டுவது. முதல் பெட்டியைத் திறக்க மாகாணங்களும் மத்திய அரசும் போட்டி போடுகின்றன. இரண்டாவது பெட்டி கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய பூட்டியே கிடக்கிறது. டோர்செட் பார்க்கின் கதை இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையே நடந்த கதை.

பூட்டு எப்போதும் இருந்ததில்லை. முதல்வர் பில் டேவிஸ் 1971இல் ஸ்படைனா விரைவுச்சாலையை நிறுத்தினார். நகரத்தின் நடுவே கார்களுக்கு வழிவிடுவதைவிடப் பொதுப் போக்குவரத்தை வளர்ப்பது மேல் என்ற முடிவு அது. அதைத் தொடர்ந்து அவரது பழமைவாத அரசு ஒரு சூத்திரம் வகுத்தது. புதிய பாதைக்கும் வண்டிகளுக்கும் ஆகும் மூலதனச் செலவில் நான்கில் மூன்று பங்கை மாகாணம் தரும்; நடைமுறைச் செலவில் விழும் துண்டிலும் பாதியை ஏற்கும். ரொறன்ரோவின் போக்குவரத்து ஆணையமான ரி.ரி.சி. உலகமே வந்து பார்த்துப் போகும் நிறுவனமாக இருந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் முக்கால் பங்கு பணம் கொடுப்பவர் முக்கால் பங்கு முடிவையும் எடுப்பார். கென்னடி சப்வே நிலையம் 1980 நவம்பரில் திறந்தபோது, அங்கிருந்து ஸ்காபரோ சென்ரர் வரை ஸ்ரீட்கார் ஓட்டுவதே ரி.ரி.சி.யின் திட்டம். தனிப் பாதையில் ஓடும், பழகிய வண்டி, நகரத்துக்குத் தெரிந்த தொழில்நுட்பம். மாகாணத்துக்கு வேறு தேவை இருந்தது. அதன் சொந்த நிறுவனமான நகர்ப்புறப் போக்குவரத்து வளர்ச்சிக் கூட்டுத்தாபனம் நேரியல் மோட்டாரில் ஓடும் ஒரு புதுமையான சிறு ரயிலை உருவாக்கியிருந்தது. அதை உலகத்துக்கு விற்க வேண்டும். விற்பதற்கு முன் எங்காவது ஓட்டிக் காட்ட வேண்டும். 1981இல் ரி.ரி.சி. இசைந்தது. 1985 மார்ச்சில் ஸ்காபரோ ஆர்.ரி. ஓடத் தொடங்கியது. 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள், சுமார் 196 மில்லியன் டாலர். டோர்செட் பார்க்கின் கிழக்கு விளிம்பில் லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர் என்று இரண்டு நிலையங்கள் கிடைத்தன.

அதே தொழில்நுட்பம் வான்கூவரில் ஸ்கைட்ரெயினாக வளர்ந்தது. டெட்ராய்ட்டில் ஒரு சிறு வளையமாக நின்றது. வான்கூவர் அதைப் பராமரித்து, நீட்டி, புது வண்டிகள் வாங்கியது. ஸ்காபரோவில் அது பிறந்த நாளின் அளவிலேயே இருந்தது. ஒரு நிலையம்கூடக் கூடவில்லை. பனி கொட்டும் நாட்களில் மின் தண்டவாளமும் நடுத் தண்டவாளமும் மூடிக்கொள்ள, ரயில் நின்று, பயணிகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஆனாலும் கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்ரருக்குப் பத்து நிமிட அளவில் போய்விடலாம் என்பது சாதாரண விஷயம் அல்ல. அதை நம்பி வாடகைக்கு வீடு எடுத்தவர்கள் பலர்.

1995இல் மைக் ஹரிஸ் முதல்வரானார். எக்லின்ரன் மேற்கு சப்வேக்குத் தோண்டத் தொடங்கியிருந்த குழியை மண் போட்டு மூடச் சொன்னார். அது படத்தோடு பத்திரிகைகளில் வந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதைவிடப் பெரிய காரியம் படமில்லாமல் நடந்தது. மாகாணமும் நகராட்சிகளும் பொறுப்புகளை மாற்றிக்கொண்ட 1998இன் ஏற்பாட்டில், பொதுப் போக்குவரத்துக்கான மாகாண நடைமுறை மானியம் நிறுத்தப்பட்டது. துண்டில் பாதி என்ற டேவிஸின் சூத்திரம் முடிந்தது. அன்றிலிருந்து ரி.ரி.சி.யை ஓட்டும் சுமை பயணச்சீட்டின் மேலும் சொத்து வரியின் மேலும் விழுந்தது. கொள்ளைநோய்க்கு முன்வரை ரி.ரி.சி.யின் ஓட்டச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பயணிகளே கட்டணமாகக் கொடுத்தார்கள். வட அமெரிக்கப் பெருநகரங்களில் பயணியின் சட்டைப்பையை இவ்வளவு நம்பிய அமைப்பு அரிது.

பெற்றோல் நிலையத்திலும் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது. 2004இல் டால்ரன் மக்கின்ரியின் லிபரல் அரசு, மாகாண எரிபொருள் வரியில் லீற்றருக்கு ஒரு சதத்தைப் பொதுப் போக்குவரத்துக்கென ஒதுக்கியது. 2006இல் அது இரண்டு சதமானது. 2013இல் சட்டமாக நிலைத்தது. இந்தப் பணத்தைப் பிரிக்கும் முறை, பயணிகள் தொகைக்கு 70 வீதம், மக்கள் தொகைக்கு 30 வீதம். கென்னடி வீதியில் 40 லீற்றர் அடிக்கும் ஒருவர் எண்பது சதத்தைப் பொதுப் போக்குவரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு சதம் இருபது ஆண்டுகளாக இரண்டு சதமாகவே இருக்கிறது. பஸ்ஸின் விலையும் சம்பளமும் அப்படி நிற்கவில்லை.

அதை நான்காக்கும் வாக்குறுதி ஒருமுறை வந்தது. 2016 டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை, மேயர் ஜோன் ரோரியின் யோசனையை ஏற்று, டொன் வலி, கார்டினர் இரண்டு விரைவுச்சாலைகளிலும் சுங்கம் அறவிட அனுமதி கேட்டது. அடுத்த மாதமே முதல்வர் கத்லீன் வின் மறுத்தார். பதிலாக எரிபொருள் வரிப் பங்கை இரட்டிப்பாக்குவதாகச் சொன்னார். 2018இல் ஆட்சி மாறியது. டக் ஃபோர்டின் முதல் வரவு செலவுத் திட்டம் அந்த இரட்டிப்பைக் கைவிட்டது. சுங்கமும் இல்லை, இரட்டிப்பும் இல்லை. பிறகு 2022 மார்ச்சில் கார் இலக்கத்தகட்டு ஒட்டியின் ஆண்டுக் கட்டணம் நீக்கப்பட்டது. தென் ஒன்ராறியோவில் அது 120 டாலர். மாகாணத்துக்கு ஆண்டுக்கு ஒரு பில்லியன் டாலருக்கு மேல் போயிற்று. அதே ஆண்டு யூலையில் எரிபொருள் வரி லீற்றருக்கு 14.7 சதத்திலிருந்து 9 சதத்துக்கு இறக்கப்பட்டது. கார் வைத்திருப்பவர்களுக்கு இவை கையில் தெரியும் சலுகைகள். அவர்களில் பலர் இதே டோர்செட் பார்க் வீடுகளில் இருப்பவர்கள், அந்தக் காசு அவர்களுக்குத் தேவைப்பட்ட காசுதான். ஆனால் போக்குவரத்து வரவு செலவில் வருமானப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஒரு பில்லியன் டாலர் அங்கிருந்து கழிந்தபோது, அதனால் எந்த பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்ற கேள்வியைச் சட்டமன்றத்தில் பெரிதாக எவரும் எழுப்பவில்லை என்பது வேதனை.

இனி இரண்டாவது ரயில். 2007 மார்ச்சில் மேயர் டேவிட் மில்லர் நகரம் முழுவதற்கும் இலகு ரயில் வலை ஒன்றை முன்வைத்தார். வயதாகிக்கொண்டிருந்த ஸ்காபரோ ஆர்.ரி.யும் பின்னர் அதில் சேர்ந்தது: அதே பாதையில் இலகு ரயிலாக மாறி, ஷெப்பர்ட் வரை நீளும். செலவு சுமார் 1.8 பில்லியன் டாலர். முழுவதையும் மாகாணமே தரும். 2010 மார்ச்சில் மாகாண வரவு செலவுத் திட்டம் இந்த வலைக்கான பணத்தில் 4 பில்லியனைப் பின்னுக்குத் தள்ளியது. நிதியமைச்சர் ஒரு வரியை நகர்த்தினார்; வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளிக்குள் தேர்தல் வந்தது. ரொப் ஃபோர்ட் மேயரானதும் திட்டம் முடிந்தது என்று அறிவித்தார். 2012இல் நகரசபை அவரை எதிர்த்து வாக்களித்து இலகு ரயிலை உயிர்ப்பித்தது. அவ்வருட இறுதியில் மாகாணத்தோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

ஓராண்டு தாங்கவில்லை. 2013 கோடையில் ஸ்காபரோ கில்ட்வூட்டில் மாகாண இடைத்தேர்தல் வந்தது. மற்றவர்களுக்கு சப்வே, எங்களுக்கு மட்டும் ஏன் இலகு ரயில் என்ற குரல் ஸ்காபரோவில் பலமாக ஒலித்தது. இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. பல ஆண்டுகளாகப் பின்தள்ளப்பட்ட ஓர் இடம், புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த ஓர் இடம், நகரத்தின் நடுவில் உள்ளவர்களுக்குக் கிடைத்ததைத் தனக்கும் கேட்டது. கேட்டது நியாயம். கிடைத்தது என்ன என்பதுதான் பார்க்க வேண்டியது. 2013 ஒக்ரோபர் 8ஆம் திகதி நகரசபை 24க்கு 20 என்ற வாக்கில் மூன்று நிலைய சப்வேயை உறுதிசெய்தது. மதிப்பீடு 3.56 பில்லியன் டாலர். மாகாணம் 1.48 பில்லியன், ஸ்ரீபன் ஹார்ப்பரின் மத்திய அரசு 660 மில்லியன், மீதி நகரம்.

நகரத்தின் பங்கு எங்கிருந்து வரும்? சொத்து வரியில் 1.6 வீத மேலதிகம்: 2014இல் 0.5, 2015இல் 0.5, 2016இல் 0.6. முப்பது ஆண்டுகளுக்கு. ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலர் என்று கணக்கிட்டார்கள். ரத்தான இலகு ரயிலுக்கு ஏற்கனவே செலவான 85 மில்லியன் டாலர் அளவிலான தொகையும் நகரத்தின் தலையில் வந்தது. மாகாணமே முழுச் செலவையும் ஏற்க இருந்த ஒரு பாதை போய், டோர்செட் பார்க் வீட்டுக்காரரும் வரி கட்டும், ஆனால் டோர்செட் பார்க்கில் நிற்காத ஒரு பாதை வந்தது. வாடகைக்கு இருப்பவரும் தப்பவில்லை. வீட்டுக்காரரின் வரி வாடகைக்குள் வந்து உட்காரும்.

அதற்குப் பிறகும் கோடு அசைந்துகொண்டே இருந்தது. 2016இல் செலவு ஏறியதால் மூன்று நிலையங்கள் ஒன்றாகச் சுருங்கின. அதற்கு ஆறுதலாக ஜோன் ரோரியின் ஸ்மார்ட்ராக் திட்டத்தில், ஏற்கனவே ஓடும் கோ ரயில் பாதையில் புதிய நிலையங்கள் வரும் என்றார்கள். நகரசபை 2018இல் ஏற்ற ஆறு நிலையங்களில் ஒன்றின் பெயர் லோரன்ஸ்–கென்னடி. மூன்று ஆண்டுகளுக்குள் பட்டியல் ஐந்தாகியது. விடுபட்டவற்றில் ஒன்று லோரன்ஸ்–கென்னடி.

2019 ஏப்ரலில் டக் ஃபோர்ட் 28.5 பில்லியன் டாலர் திட்டத்தோடு வந்தார். நான்கு பாதைகள், அவற்றில் ஸ்காபரோ சப்வே மறுபடி மூன்று நிலையங்களாகி 5.5 பில்லியன் என்ற விலையோடு நின்றது. லோரன்ஸ்–மக்கோவன், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பர்ட்–மக்கோவன். 7.8 கிலோமீற்றர். இம்முறை ஒரு முக்கிய மாற்றம். பாதையை நகரம் கட்டாது. மாகாண நிறுவனமான மெட்ரோலிங்க்ஸ் கட்டும், மாகாணமே சொந்தக்காரர்.

இதை அதிகார ஆசை என்று பலர் எழுதினார்கள். கணக்கியல் காரணம் அதைவிட அழுத்தமானது. ஆனால் அது தலைப்புச் செய்தியில் வரவில்லை. மாகாணம் ஒரு பில்லியன் டாலரை நகரத்துக்கு மானியமாகக் கொடுத்தால், அது கொடுக்கும் காலத்திலேயே செலவாகப் பதியப்படும். துண்டு அவ்வளவால் கூடும். அதே பணத்தில் மாகாணம் தனக்கே சொந்தமாகச் சுரங்கம் கட்டினால், அது ஒரு சொத்து. சொத்தின் விலையை அது உழைக்கும் பல பத்தாண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானமாக எழுதலாம். கடன் பட்டு வீடு வாங்கியவர் முழு விலையையும் முதல் மாதச் செலவில் எழுதுவதில்லை, அப்படித்தான். கடன் உண்மையானது, வட்டியும் உண்மையானது. ஆனால் இந்த ஆண்டின் துண்டு சிறிதாகத் தெரியும். இந்தக் கணக்கு முறையில் தவறு இல்லை. உலகெங்கும் ஏற்ற முறைதான். விளைவு என்னவென்றால், புதிதாகக் கட்டுவது அரசுக்கு இலகுவாகிறது, இருப்பதை ஓட்டக் கொடுப்பது கடினமாகிறது. பஸ் சாரதியின் சம்பளத்தை முப்பது ஆண்டுக்குப் பிரித்து எழுத முடியாது.

அரசியலும் அதே பக்கம்தான் இழுக்கிறது. 2021 யூனில் ஸ்காபரோ சப்வேக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முந்தைய மாதம் மத்திய அரசு நான்கு பாதைகளின் செலவிலும் 40 வீதம் தருவதாக அறிவித்திருந்தது. 2023 ஜனவரியில் சுரங்க இயந்திரம் தோண்டத் தொடங்கியது. மண்வெட்டி, தலைக்கவசம், படம் எல்லாம் வந்தன. ஏற்கனவே ஓடும் ரயிலின் ஆணி இறுக்கப்பட்டதற்கு எந்த அமைச்சரும் வந்து படம் எடுத்துக்கொண்டதில்லை.

ஆணி என்பது இங்கே வெறும் சொல் அல்ல. 2023 யூலை 24ஆம் திகதி மாலை, எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே, ஸ்காபரோ ஆர்.ரி.யின் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. உள்ளே 45 பேர். ஐந்து பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர் தப்பியது பெரிய புண்ணியம். நடுவே ஓடும் எதிர்வினைத் தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வண்டிகள் ஏறக்குறைய 38 வயதானவை. 25 ஆண்டு உழைக்கவென்று செய்யப்பட்டவை. எப்படியும் நவம்பர் 19ஆம் திகதி மூடுவதாக இருந்த பாதை. ஓகஸ்ட் 24ஆம் திகதி, இனித் திறக்கமாட்டோம் என்று ரி.ரி.சி. அறிவித்தது. மாற்று ரயில் மாற்றி மாற்றி வரையப்பட்ட பதினாறு ஆண்டுகள் முழுவதும் இந்த வண்டிகள்தான் ஓடின. புதிதாக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை, ஏனென்றால் இதோ மாற்று வரப்போகிறது. மாற்று வரவில்லை, ஏனென்றால் அதை மறுபடி மாற்றுகிறார்கள்.

ஆகவே பஸ். கென்னடி, மிட்லண்ட், எல்ஸ்மியர் வீதிகளில் பஸ்ஸுக்கென்று தனித் தடங்கள் குறிக்கப்பட்டன. ஸ்காபரோ சென்ரரில் முடிந்துகொண்டிருந்த பல பஸ்கள் கென்னடி நிலையம் வரை நீட்டப்பட்டன. கொள்ளைநோய்க்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 35,000 பேர் ஏறிய பாதைக்கு இதுதான் இடைக்கால வழி. புதிய சப்வே 2030ஐ ஒட்டித்தான் வரும். கைவிடப்பட்ட ரயில் பாதையைக் கென்னடிக்கும் எல்ஸ்மியருக்கும் இடையே பஸ் மட்டும் ஓடும் பாதையாக மாற்றலாம் என்ற யோசனை நல்ல யோசனை. லோரன்ஸிலும் எல்ஸ்மியரிலும் நிறுத்தம். தாரா அவெனியூ அருகே புதிதாக ஒன்று. செலவு மதிப்பீடு 67.9 மில்லியன் டாலர். கட்டிக்கொண்டிருக்கும் சப்வேயின் விலையில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மாகாணம் இதைத் தர வேண்டும் என்று நகரசபையும் ஸ்காபரோவின் பயணிகள் குழுக்களும் கேட்டன. தரவில்லை. மேயர் ஒலிவியா சௌவின் நகரசபை தன் பணத்தை எடுத்துவைத்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மறுபடி சொத்து வரிக் கடிதத்துக்கே வருவோம். 2024இல் ரொறன்ரோவின் வீட்டுச் சொத்து வரி 9.5 வீதம் ஏறியது; 2025இல் 6.9 வீதம். இரண்டிலும் 1.5 வீதம், போக்குவரத்துக்கும் வீடமைப்புக்கும் என்று 2019இல் பெரிதாக்கிய நகர் கட்டுமான நிதிக்குப் போகிறது. 2019இன் தொடக்கத்தில் ரி.ரி.சி. தன் கணக்கைத் திறந்து காட்டியிருந்தது: பதினைந்து ஆண்டுகளில் இருப்பதைப் பேணவும் பெருக்கவும் 33.5 பில்லியன் டாலர் வேண்டும், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பணம் எங்கே என்று தெரியாது. புதிய சப்வேப் பாதைகளை மாகாணம் எடுத்துக்கொண்ட ஒப்பந்தத்தை நகரசபை 2019 ஒக்ரோபரில் 22க்கு 3 என்று ஏற்றதற்கு இதுவே பெரிய காரணம். புதுப் பாதைகளுக்கென்று வைத்திருந்த நகரப் பணத்தைப் பழையதைப் பழுதுபார்க்கத் திருப்பலாம்.

2023 நவம்பரில் பூட்டு ஒருமுறை சற்றுத் தளர்ந்தது. மாகாணமும் நகரமும் ஒரு புதிய உடன்படிக்கைக்கு வந்தன. கார்டினரையும் டொன் வலியையும் மாகாணம் பொறுப்பேற்கும். சப்வே பாதுகாப்புக்கும் ஓட்டத்துக்கும் 300 மில்லியன். எக்லின்ரன், ஃபின்ச் மேற்கு இலகு ரயில்களை ஓட்ட மூன்று ஆண்டுகளுக்கு 330 மில்லியன் வரை. புளோர்–டான்ஃபோர்த் பாதைக்குப் புதிய ரயில்கள் வாங்க 758 மில்லியன். மத்திய அரசும் அதே அளவு தந்தால். மத்திய அரசு 2024 நவம்பரில் இசைந்தது. 55 ரயில்கள் வரும். கென்னடி நிலையத்தில் ஏறுகிறவர்களுக்கு இது நேரடியான நன்மை. 2024 பெப்ரவரி 26இலிருந்து, ரி.ரி.சி.யில் ஏறி யோர்க், டுர்ஹம் பஸ்கள், கோ ரயில் என்று மாறினால் இரண்டு கட்டணம் இல்லை. அந்த இழப்பையும் மாகாணம் ஈடுசெய்கிறது. மார்க்கத்துக்கும் பிக்கரிங்குக்கும் வேலைக்குப் போகும் ஸ்காபரோத் தமிழர்களுக்கு மாதக் கடைசியில் அது தெரிகிறது. 1998க்குப் பிறகு நடைமுறைச் செலவில் மாகாணம் இந்த அளவுக்குக் கைகொடுத்தது அபூர்வம். ஆனால் மூன்று ஆண்டு என்பது உடன்படிக்கையின் ஆயுள். எக்லின்ரனில் தண்டவாளம் அதைவிட நெடுங்காலம் கிடக்கும்.

சென்னையை அறிந்தவர்களுக்கு இந்த இழுபறி புதிதல்ல. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீற்றர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியும், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 ஒக்ரோபரில்தான் வந்தது. அதுவரை மாநிலத் திட்டமாகவே அதைத் தமிழ்நாடு தூக்கிச் சுமந்தது. வெளிநாட்டுக் கடனும் மாநிலத்தின் கணக்கிலேயே ஏறியது. ஆனால் ஓட்டப் பணத்தில் தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2021 மேயில் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, அதன் செலவை மாநில வரவு செலவுத் திட்டமே ஈடுசெய்தது. ஒன்றைக் கட்டுவதும் ஒன்றை ஓட்டுவதும் ஒரே அரசின் ஒரே புத்தகத்தில் எழுதப்படுவதால், இரண்டையும் ஒருசேர எடைபோட அங்கே வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் கட்டுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். கட்டுபவர் தேர்ந்த பாதையை ஓட்டுபவர் ஓட்டியே ஆக வேண்டும்.

2025 மே மாத ஒன்ராறியோ வரவு செலவுத் திட்டம் பத்து ஆண்டுகளில் பொதுப் போக்குவரத்துக்குச் சுமார் 61 பில்லியன் டாலர், நெடுஞ்சாலைகளுக்குச் சுமார் 30 பில்லியன் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் மூலதனக் கணக்குகள். டோர்செட் பார்க்கின் வடக்கு எல்லையான 401க்கு அடியில் ஒரு சுரங்கச் சாலை போடலாமா என்று ஆராயவும் 2024 செப்ரெம்பரில் முதல்வர் அறிவித்தார். பிரம்ரன், மிசிசாகா பக்கமிருந்து ஸ்காபரோ, மார்க்கம் வரை, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கென்னடி பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வர என்ன செலவாகும் என்ற எண் இந்தப் பெரிய புத்தகத்தில் எங்கும் இல்லை. அது நகரத்தின் புத்தகத்தில், ரி.ரி.சி.யின் நடைமுறை வரவு செலவில் இருக்கிறது. ஆண்டுக்கு 2.5 பில்லியன் டாலரைத் தாண்டிய கணக்கு அது. ஒரு பாதையில் பஸ்ஸைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கேதான் நடக்கிறது.

அந்தப் புத்தகம் ஒவ்வொரு ஜனவரியிலும் மக்கள் முன் வருகிறது. மேயர் பெப்ரவரி 1ஆம் திகதிக்குள் தன் வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். அதற்கு முன் நகரசபையின் குழுக்கள் பொதுமக்களின் பேச்சைக் கேட்கின்றன, ஸ்காபரோ சிவிக் சென்ரரிலும். பெயரைப் பதிந்துகொண்டு எவரும் பேசலாம். வர முடியாதவர் எழுத்தில் அனுப்பலாம். மாகாணத்திலும் சட்டமன்றத்தின் நிதிக் குழு வரவு செலவுக்கு முன் இப்படி ஊர் ஊராகக் கேட்கிறது. நகரத்தின் அமர்வில் 43ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றிக் கேட்கலாம், பஸ் பாதையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் எத்தனை வண்டிகள் என்று கேட்கலாம். மாகாணத்தின் அமர்வில் எரிபொருள் வரியின் இரண்டு சதத்தைப் பற்றியும், மூன்று ஆண்டு உடன்படிக்கை முடிந்த பின் எக்லின்ரன் ரயிலை ஓட்டும் பணம் எந்தப் பக்கத்தில் எழுதப்படும் என்பதைப் பற்றியும் கேட்கலாம்.